சென்னை 1914: தேதி விஷயத்தில் கவனம்

அன்புள்ள மகளுக்கு,

1914-ஆம் ஆண்டுச் சென்னையை நாள்வாரியாகத் தொகுக்கப் போவதாக எழுதியிருந்தாய். நல்ல ஆண்டைத்தான் எடுத்திருக்கிறாய். இந்த மாதிரித் தொகுப்புகள் சறுக்குவது பெரும்பாலும் தேதியில்தான், அதனால் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

மார்ச் 17 அன்று ராமானுஜன் 'நெவாசா' கப்பலில் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணி வாக்கில் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் வந்து குண்டு வீசி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. நமக்கு இரண்டும் 1914. அரசாங்க நிர்வாக அறிக்கைக்கோ ஏப்ரலில்தான் ஆண்டு பிறக்கும்; மார்ச் மாத விவரத்துக்கு 1913-14 தொகுதியையும் செப்டம்பருக்கு 1914-15 தொகுதியையும் எடுக்க வேண்டும். வருவாய்த்துறைப் பதிவென்றால் பசலி என்ற நிலவரி ஆண்டுக் கணக்கு, அது ஜூலையில் மாறும்: மார்ச் மாதம் பசலி 1323, செப்டம்பர் பசலி 1324. பஞ்சாங்கப்படி முன்னது பிரமாதீச பங்குனி, பின்னது ஆனந்த புரட்டாசி. பழைய அழைப்பிதழில் "ஆனந்த வருஷம் தை மாதம்" என்று கண்டால் அது 1915. உன் தொகுப்பில் சேராது.

எம்டன் இரவில் வந்ததால் செய்தி அச்சேறியது பிறகுதான். பத்திரிகைத் தேதியை அப்படியே எடுத்தால் 22 என்பது 23 ஆகிவிடும். ஒவ்வொரு சம்பவத்துக்கும் தனி அட்டை போடு: நடந்த தேதி, கிழமை, இடம், எங்கே படித்தாய், பக்க எண். கிழமையை விட்டுவிடாதே. செப்டம்பர் 22 செவ்வாய். கிழமை ஒத்துவராவிட்டால் எங்கோ தப்பு இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். இடப்பெயரைப் பதிவில் உள்ளபடி 'மவுண்ட் ரோடு' என்றே எழுதி, பக்கத்தில் அண்ணா சாலை என்று குறி.

எம்டன் வீசிய குண்டுகள் 125 என்றும் 130 என்றும் படிப்பாய். சராசரி போடாதே, இரண்டையும் அந்தந்த ஆதாரத்தோடு எழுது. உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் பதித்திருக்கும் எம்டன் பலகையையும் நேரில் பார்த்து, வாசகத்தை வரிக்கு வரி எடுத்துக்கொள்.

என்னைக் கேட்டால், குண்டு விழுந்த அந்தக் கொஞ்ச நேரத்தைவிட அடுத்து வந்த நாட்கள்தான் ஊரின் வரலாறு. ஜனங்கள் பயந்துபோய்க் கூட்டம் கூட்டமாக நகரத்தை விட்டுக் கிளம்பினார்கள். அதை ஒரே தேதியில் அடைக்காமல், எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்று எழுது.

நவம்பர் 9-இல் எம்டன் அழிந்தது கோகோஸ் தீவுகளில். அது சென்னைச் சம்பவம் அல்ல. அந்தச் செய்தி சென்னைக்கு எட்டிய நாளைக் கண்டுபிடித்து, அந்த நாளின் கீழ் எழுது.

அன்புடன்,
அப்பா