எங்களை இருமல் வரிசையில் நிற்க வைக்காதீர்கள்

மதிப்புக்குரிய மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். மாத்திரை வாங்கக் காத்திருக்க எங்களுக்குத் தனி இடம் வேண்டும் என்று, வாத நோய்ப் பிரிவுக்கு மாதாமாதம் வந்து போகிறவர்கள் சேர்ந்து ஏற்கெனவே மனு கொடுத்திருக்கிறோம், விஷயம் உங்களுக்குத் தெரியும். போன மாதம் என் தங்கைக்கு நடந்ததைப் பார்த்த பிறகு இன்னொரு மனுவோடு நிறுத்திக்கொள்ள மனம் வரவில்லை. அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

அவளுக்கு லூபஸ், அதாவது உடம்பின் எதிர்ப்பு சக்தியே சொந்த உடம்பைத் தாக்குகிற நோய், சிறுநீரகம் வரை போய்விட்டது. அதை அடக்க பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும் மைக்கோபீனோலேட்டும் சாப்பிடுகிறாள். நோயை அடக்குகிற அதே மாத்திரைகள் கிருமியை எதிர்க்கும் சக்தியையும் அடக்கிவிடும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே உங்கள் மருத்துவர்கள்தான். கூட்டத்தில் நிற்காதே, இருமுகிறவர்கள் பக்கத்தில் போகாதே, காய்ச்சல் வந்தால் அன்றைக்கே வந்துவிடு என்று ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்புகிறார்கள். ஆனால் அவள் மாத்திரை வாங்க நிற்பது காய்ச்சல் ஓ.பி.க்கும் நெஞ்சக நோய்ப் பிரிவுக்கும் எங்களுக்கும் பொதுவான அந்த ஒரே கூடத்தில்தான். மழை வந்தால் ஜன்னலையும் சாத்திவிடுகிறார்கள். சளிப் பரிசோதனைக்கு டப்பாவோடு வந்தவர் அவள் தோளை ஒட்டி நின்று இருமுகிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், பாவம், அவருக்கும் நிற்க வேறு இடம் இல்லை. வராமல் இருந்துவிடலாம் என்றால் அதுவும் முடியாது, ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவதே உயிருக்கு ஆபத்து.

அன்றைக்கு வரிசையிலேயே அவளுக்கு உடம்பு நடுங்கியது, மூச்சு வாங்கியது. முன்னால் போய்ச் சொன்னோம். தெர்மாமீட்டர் 99 காட்டியது. "காய்ச்சலே இல்லையேம்மா, வரிசையில வாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கு உள்ளே தொற்று முற்றியிருந்தாலும் காய்ச்சல் அமுங்கியே இருக்கும் என்பது அந்த மேசையில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா ஐயா? மதியம் வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரவு நிமோனியா என்று சேர்த்து ஆக்சிஜன் வைத்தார்கள். பிழைத்து வந்துவிட்டாள், அந்த வார்டில் இருந்தவர்களை ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். தொற்று எங்கே பிடித்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் லூபஸ் நோயாளிகளின் சாவுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று தொற்று என்று தெரிந்தும் அவர்களைக் காசநோய் சந்தேகம் உள்ளவர்களோடு சேர்த்து நிற்க வைப்பது எந்த வகையில் சரி?

எங்களுக்கு ஒரு தனி இடம் கொடுங்கள். நெஞ்சக நோய்ப் பிரிவிலிருந்து விலகி, காற்றோட்டமாக, நாலு பெஞ்சு போட்ட ஒரு வராண்டா போதும்.

மனதில் இருக்கும் மற்றதையும் சொல்லிவிடுகிறேன். 2020இல் கொரோனாவுக்கு என்று எல்லோரும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையை வாங்கிக் குவித்தபோது, அதை வருஷக்கணக்கில் சாப்பிட்டு வந்த லூபஸ்காரர்கள் கடை கடையாக அலைந்தார்கள். குழந்தைகளுக்கு இலவசமாகப் போடுகிற நிமோனியா தடுப்பூசியை எங்கள் வீட்டில் ஆயிரக்கணக்கில் கொடுத்து வெளியே போட வேண்டியிருக்கிறது. 2021இல் தமிழக அரசு கொண்டுவந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்ல திட்டம், என் அம்மாவே அதில் வாங்குகிறார். அதே வீட்டில், வெளியே வரவே கூடாத மகள் மாத்திரைக்காகப் பஸ் ஏறி வந்து அந்தக் கூடத்தில் நிற்கிறாள். எங்கள் நோய் யார் கணக்கிலும் வருவதில்லையே என்ற கோபம் எனக்கு நிறையவே இருக்கிறது.

சரி, தடுப்பூசியும் திட்டமும் உங்கள் கையில் இல்லை. காத்திருக்கும் இடம் உங்கள் கையில் இருக்கிறது. தயவுசெய்து அதை மட்டுமாவது உடனே பிரித்துக் கொடுங்கள். நோய் கட்டுக்குள் இருக்கிறவர்களுக்கு இரண்டு மாத மருந்தைச் சேர்த்துக் கொடுக்க முடியுமா, வீட்டார் சீட்டைக் காட்டி வாங்கிப்போக அனுமதிக்க முடியுமா என்று மருத்துவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அப்புறம், எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடுகிறவர் உடம்பு முடியவில்லை என்று சொன்னால் தெர்மாமீட்டர் என்ன காட்டினாலும் உடனே மருத்துவரிடம் அனுப்பும்படி சீட்டுப் பதிகிற இடத்தில் சொல்லி வையுங்கள்.

அடுத்த மாத்திரைக்கு நாங்கள் வருவதற்குள் அந்தத் தனி இடம் தயாராக இருக்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
லூபஸ் நோயாளி ஒருவரின் அக்கா