வேலை கேட்டவருக்கு ரசீது கொடுங்கள்

ஊரக வளர்ச்சித் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். நூறு நாள் வேலையால் வேலையின்மை குறைந்ததா என்று கேட்டால், வேலை கேட்டவர் இத்தனை பேர், பெற்றவர் இத்தனை பேர் என்று இணையதளக் கணக்கைக் காட்டுவார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒட்டியே இருக்கும். ஊர்ப் பெண்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதல் எண்ணை நம்பாதீர்கள்.

எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்துக்கு 2006இல், முதல் கட்டத்திலேயே இத்திட்டம் வந்தது. போன சித்திரையில், நடவும் களையும் இல்லாத நாளில், பக்கத்து வீட்டு அத்தை ஜாப் கார்டை எடுத்துக்கொண்டு ஊராட்சி அலுவலகம் போய் வேலை கேட்டார். "வேலை வந்தா சொல்லி அனுப்புறோம், போயிட்டு வாம்மா" என்றார்கள். பெயரை எழுதிக்கொள்ளவில்லை. ஏழு வாரம் கழித்து ஏரி வேலை தொடங்கியபோதுதான் அவர் 'வேலை கேட்டதாக'ப் பதிந்தார்கள். அந்த ஏழு வாரம் எந்தக் கணக்கிலும் இல்லை.

கேட்டவருக்குத் தேதியிட்ட ரசீது, 15 நாளுக்குள் வேலை, தவறினால் வேலையில்லாக் காலப் படித்தொகை என்றது இத்திட்டத்துக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டம். முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்காவது, பிறகு பாதியாவது தர வேண்டும். அதை மாநில அரசு தர வேண்டும் என்பதில்தான் சிக்கல். ரசீது கொடுத்தால் படி கொடுக்க வேண்டிவரும். கொடுக்காவிட்டால் கேட்டவரே இல்லை என்றாகிவிடுகிறது.

திட்டமே வீண் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆந்திராவில் ஸ்மார்ட்கார்டு வழியாகக் கூலி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தபோது ஏழைக் குடும்பங்களின் வருமானம் கூடியது. கூடியதில் பெரும்பகுதி திட்டத்துக்கு வெளியே செய்த வேலையில் கிடைத்தது என்று முரளிதரன், நீஹாஸ், சுக்தன்கர் என்ற பொருளாதார ஆய்வாளர் மூவரின் ஆய்வு காட்டியது. எங்கள் ஊரிலும் ஏரி வேலை நடக்கிற மாதத்தில்தான் களைக்குக் கூப்பிடுகிறவரிடம் பெண்களால் கூலி பேச முடிகிறது.

2025 டிசம்பரில் வந்த புதிய சட்டம் 100 நாளை 125 ஆக்கி, செலவில் 40 விழுக்காட்டை மாநிலத்தின் மேல் வைத்திருக்கிறது. கையில் காசு குறைந்தால் கேட்டவர் பெயரை எழுதாமல் விடுவது இன்னும் பெருகும் என்று பயமாக இருக்கிறது.

வரும் மே 1 கிராம சபையில், வேலை கேட்டவர் பெயரையும் கேட்ட தேதியையும் ஊராட்சிதோறும் வாசிக்க உத்தரவிடுங்கள். விட்டுப்போனவர்கள் அங்கேயே எழுந்து சொல்லட்டும், அங்கேயே ரசீது எழுதிக் கொடுங்கள். நான் அத்தையை அழைத்துக்கொண்டு வருகிறேன்.