திராட்சையின் மேல் பூக்கும் வெண்மை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அக்காவின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது பெரிய நிம்மதி. மகளுக்கு வேலை கிடைத்ததைக் கேட்டு வீட்டில் அனைவருக்கும் மகிழ்ச்சி.

உருக்கிய மெழுகில் நிறம் கலந்து நான் வரையும் ஓவியம் உங்கள் சென்னை வெயிலில் உருகிவிடாதா என்று கேட்டிருந்தாய். தேன்மெழுகு உருக 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். எட்டுப் பங்கு மெழுகுக்கு ஒரு பங்கு டாமர் என்ற மரப்பிசின் சேர்க்கிறேன். அதனால் இன்னும் கெட்டிப்படும். சுவரில் மாட்டிய படத்துக்கு ஒன்றும் ஆகாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் விட்டுவிடாதே. எகிப்தின் ஃபாயூமில் மம்மிகளோடு வைத்த முகச் சித்திரங்களில் பல மெழுகில் வரைந்தவை. ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கண்களில் ஈரம் தெரிகிறது!

இப்போது வரைவது கம்பத்துப் பன்னீர் திராட்சை. ஒரு கொத்து, ஒரு பித்தளைத் தட்டு, அவ்வளவுதான். தூரிகை பலகையைத் தொடுவதற்குள் மெழுகு இறுகத் தொடங்கிவிடுகிறது. எண்ணெய் வண்ணத்தில் செய்வதுபோல இரண்டு நிறங்களை நிதானமாகக் குழைக்க நேரம் கிடையாது. ஒவ்வொரு பூச்சையும் சூடான காற்றை வீசும் ஹீட் கன்னால் சூடாக்கிக் கீழ்ப்பூச்சோடு இணைக்க வேண்டும். மேற்பரப்பு பளபளக்கும் நொடியில் சூட்டை விலக்காவிட்டால் பழத்தின் விளிம்பு கரைந்து தட்டில் வழிந்துவிடும். ஊதா, அதன்மேல் நிறமே சேர்க்காத மெழுகு, அதற்கும் மேல் கருஞ்சிவப்பு என்று ஏற்றிக்கொண்டே போனால், வெளிச்சம் உள்ளே புகுந்து திரும்பி வருகிறது. அந்த ஆழத்துக்காகத்தான் இந்தப் பாடெல்லாம்.

திராட்சைத் தோலில் சாம்பல் பூத்தாற்போல ஒரு படலம் இருக்குமே, விரல் பட்டால் அழிவது, அதைப் பூச்சிமருந்துக் கறை என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அது பழமே சுரக்கும் மெழுகு. இங்கே கொடைக்கானல் குளிரில் என் ஓவியத்தின் மேலும் அதேபோல வெண்மை பூக்கிறது. வழக்கமாக மென்துணியால் துடைத்து மெருகேற்றுவோம். இந்தப் படத்தில் தட்டை மட்டும் துடைத்தேன். பழங்களை அப்படியே விட்டுவிட்டேன். வாங்குகிறவர் துடைத்தால் போய்விடும். ஆனாலும் மெழுகு போர்த்திய பழத்துக்கு மெழுகே தன் படலத்தைத் தரும்போது அதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது பிளந்த மாதுளை. உன் பாட்டியின் பழைய செம்புச் சொம்பு இன்னும் இருக்கிறதா? வரும்போது கொண்டுவா. விளக்கிவிடாதே, களிம்போடு வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்