தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கணினி ஆசிரியர்களுக்கு: பழைய கம்ப்யூட்டரை ஏலத்துக்கு அனுப்பும் முன்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர்களுக்கும் கணினி ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

பாலக்கோட்டில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். காரிமங்கலம், மாரண்டஅள்ளி, ராயக்கோட்டை பக்கத்துப் பள்ளிகளிலிருந்து டோனர் நிரப்பவும் யுபிஎஸ் பேட்டரி மாற்றவும் வருகிற உங்களில் பலரை எனக்குத் தெரியும். நேரில் சொல்ல வேண்டியதை இவன் ஏன் மடலாக எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். நேரில் சொன்னால் "பார்க்கலாம் தம்பி" என்று டோனரை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறீர்கள். எழுத்தில் இருந்தால் ஸ்டாஃப் ரூமில் யாராவது ஒருவர் முழுசாகப் படிப்பார்.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. சரி, விண்டோஸ் 11 போட்டுவிடலாம் என்றால் அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் கேட்கிறது; இன்டெல் பிராசஸர் என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும் என்கிறது. பள்ளிகளில் கிடக்கும் பழைய மெஷின்கள் பலவும் இந்தக் கணக்கில் தேறாது. பயன்படாதவை என்று கண்டம் செய்து ஏலம் விடப்போகிறோம் என்ற பேச்சு கடை வரைக்கும் வந்துவிட்டது. நல்ல மதர்போர்டு, நல்ல மானிட்டர், எல்லாம் கிலோ கணக்கில் காயலான் கடைக்குப் போகப் போகிறது.

அவற்றில் விண்டோஸுக்குப் பதிலாக, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போடுங்கள் என்பது என் கோரிக்கையில் பாதிதான். போட்ட பிறகு பிள்ளைகள் பக்கத்தில் ஒரு மதியம் உட்காருங்கள் என்பது மீதிப் பாதி. இந்த மடலை எழுதுவது அந்த மீதிப் பாதிக்காகத்தான்.

2011 செப்டம்பரில் அரசு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது நினைவிருக்கும். அதில் விண்டோஸ் மட்டும் இல்லை, பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம், டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து 2007ல் வெளியிட்டது அது. தமிழ் உட்பட இந்திய மொழிகளில் வேலை செய்யும்படி உருவாக்கியது. ஒரு மாநில அரசு இத்தனை லட்சம் பிள்ளைகளின் மடியில் லினக்ஸைக் கொண்டுபோய் வைத்தது சாதாரண விஷயம் கிடையாது. ஆனால் என்ன நடந்தது? ஆன் செய்ததும் கருப்புத் திரையில் நாலைந்து வரிகள் வரும். விண்டோஸா, லினக்ஸா, எதில் போகிறாய் என்று கேட்டுவிட்டு, கீழே நொடிகள் குறைந்துகொண்டே போகும். பிளஸ் டூ பிள்ளைக்கு அதைப் பார்த்ததும் பயம். ஏதோ வைரஸ் வந்துவிட்டது என்றே சிலர் நினைத்தார்கள். "அண்ணா, இத எடுத்துட்டு விண்டோஸ் மட்டும் போட்டுக் குடுங்க" என்று கடை கடையாக வந்து நின்றார்கள். இருநூறு முந்நூறு வாங்கிக்கொண்டு மொத்த டிஸ்கையும் ஃபார்மட் செய்து, லைசென்ஸோடு வந்த விண்டோஸையும் சேர்த்து அழித்து, திருட்டு விண்டோஸ் ஏற்றிக் கொடுத்த கடைகள் உண்டு. நல்ல மெஷினுக்குக் காசு கொடுத்து நோய் வாங்கிய கதை.

இதற்குப் பாஸ் லினக்ஸைக் குறை சொல்ல மாட்டேன். லேப்டாப்பைக் கொடுத்தார்கள், ஃபோட்டோ எடுத்தார்கள், அந்தக் கருப்புத் திரையில் எதை அழுத்தினால் என்ன வரும் என்று சொல்ல மட்டும் ஆள் இல்லை.

லினக்ஸ் எங்கே எப்படிப் பரவியது என்று பின்னோக்கிப் பார்த்தால், கேட்க ஒருவரும் பதில் சொல்ல ஒருவரும் இருந்த இடத்தில்தான் பரவியிருக்கிறது. தொடக்கமே அப்படித்தான். 1991ல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் 386 கம்ப்யூட்டருக்காக ஒரு கெர்னல், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி, எழுத ஆரம்பித்தார். ஆகஸ்ட் 25 அன்று, மினிக்ஸ் என்ற வேறொரு ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் பயன்படுத்துகிறவர்களிடம், பொழுதுபோக்காக ஒன்று செய்கிறேன், உங்களுக்கு என்னென்ன வசதி வேண்டும் என்று கேட்டார். செப்டம்பரில் அதன் முதல் பதிப்பான 0.01 வந்தது. அது தன் காலில் நிற்காது. மெஷினில் மினிக்ஸ் இருந்தால்தான் அதைக் கம்பைல் செய்யவே, அதாவது எழுதிய நிரலை மெஷினில் ஓடும் வடிவத்துக்கு மாற்றவே, முடியும். ஆகவே முதலில் பயன்படுத்தியவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். அவர்களில் ஜெர்மனிக்காரர் ஒருவரிடம் இருந்தது வெறும் 2 எம்பி ராம். அதை வைத்துக் கெர்னலைக் கம்பைல் செய்ய முடியவில்லை என்று அவர் சொல்ல, டோர்வால்ட்ஸ் கிறிஸ்துமஸ் விடுமுறையில் உட்கார்ந்து, ராம் போதாதபோது ஹார்டு டிஸ்கைப் பயன்படுத்திக்கொள்ளும் வசதியை எழுதினார். 1992 ஜனவரியில் வந்த 0.12ல் அது இருந்தது. இன்ஸ்டால் செய்யும்போது ஸ்வாப் என்று இடம் ஒதுக்குகிறோமே, அது முகம் தெரியாத ஒருவருடைய பழைய மெஷினுக்காக வந்த வசதி. பணம் அனுப்பட்டுமா என்று கேட்டவர்களிடம், உங்கள் ஊர் போஸ்ட்கார்டு அனுப்புங்கள் போதும் என்றாராம். அந்தக் கெர்னலோடு சேர்த்து ஓட்டிய கம்பைலரும் மற்ற கருவிகளும் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983ல் அறிவித்த குனு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தில் உருவானவை.

நம் பக்கத்துக்கு அது வந்தது கம்ப்யூட்டர் பத்திரிகைகளோடு கொடுத்த சிடி மூலமாக. இன்டர்நெட் என்றால் டயல்-அப், நிமிடத்துக்கு இவ்வளவு என்று டெலிபோன் பில் ஏறும் காலம். 600 எம்பி டவுன்லோடு என்பதெல்லாம் கனவு. அந்த சிடி ஒரு ஊருக்கு ஒன்று வந்தாலே அதிகம், கை மாறி மாறிக் கீறல் விழுந்துதான் நம்மிடம் வரும். எனக்கு வந்தது பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் படித்த நண்பன் மூலம். லீவுக்கு வரும்போது ரெட் ஹாட் லினக்ஸ் சிடிக்களை நியூஸ் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்தான். நான் அப்போது தருமபுரியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தேன். ஹார்டு டிஸ்கைப் பகுதிகளாக்கும் பார்ட்டிஷன் பிரிக்கிற இடத்தில் கை நடுங்கும். அவன் பக்கத்தில் உட்கார்ந்து "இத அழுத்து, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஏறிவிட்டது. ஆனால் மோடம் எடுக்கவில்லை. உள்ளே பொருத்தும் மலிவான மோடம்கள் பாதி வேலையை விண்டோஸ் டிரைவரிடம் தள்ளிவிடுகிறவை, அதனால் லினக்ஸில் ஊமையாகக் கிடக்கும். அப்புறம் சென்டருக்கு வந்தவர்கள் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி: "பாட்டு ஓடுமா?" 2002ல் வந்த ரெட் ஹாட் 8.0ல் காப்புரிமைச் சிக்கலால் எம்பி3 ஓடும் வசதியையே எடுத்துவிட்டார்கள். பாட்டு ஓடாத கம்ப்யூட்டரை நம் ஊரில் யார் தொடுவார்கள்? அந்தக் காப்புரிமைகளெல்லாம் 2017க்குள் காலாவதியாகிவிட்டன. இன்று அந்தத் தொல்லை இல்லை.

என்னைப் போன்ற கடைக்காரர்கள் லினக்ஸை நிஜமாக நம்ப ஆரம்பித்தது வேறு வழியில். அது பென்டிரைவ் வைரஸ் காலம். ஃபோல்டரைத் திறந்தால் அதே பெயரில் ஒரு இஎக்ஸ்இ ஃபைல் உட்கார்ந்திருக்கும், அதைத் தொட்டால் முடிந்தது. ஸ்டுடியோக்காரர் ஒருவர் கல்யாண ஃபோட்டோ முழுவதும் உள்ள சிஸ்டத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்; விண்டோஸ் பூட் ஆகாது; பெண் வீட்டார் ஆல்பம் கேட்டு நெருக்குவார்கள். அப்போது காப்பாற்றியது நாப்பிக்ஸ் என்ற லினக்ஸ். கிளவுஸ் நாப்பர் என்கிற ஜெர்மனிக்காரர் 2000ல் வெளியிட்டது. சிடியைப் போட்டு ஆன் செய்தால் ஹார்டு டிஸ்கைத் தொடாமல் சிடியையும் ராமையும் வைத்தே முழு சிஸ்டமும் எழுந்து நிற்கும். பிறகு டிஸ்கைப் படிக்க மட்டும் திறந்து, ஃபோட்டோ ஃபோல்டரை வெளி ஹார்டு டிஸ்குக்கு இழுத்துப் போட வேண்டியதுதான். விண்டோஸ் வைரஸ் லினக்ஸில் ஓடாது, அதனால் வைரஸ் ஃபைல்கள் நம் கண் முன்னே செத்த பாம்பு மாதிரி கிடக்கும், வெளி டிஸ்குக்கு வந்துவிட்டவற்றை டெலீட் செய்துகொண்டே போகலாம். ஸ்டுடியோக்காரர்கள் பின்னால் நின்று "இது என்ன விண்டோஸுங்க?" என்று கேட்பார்கள். இப்படிக் கேட்டவர்களில் சிலர் இன்றும் லினக்ஸில்தான் இருக்கிறார்கள். யாரும் பிரசாரம் செய்து மாறவில்லை, பார்த்து மாறினார்கள்.

2004 அக்டோபரில் உபுண்டு என்ற லினக்ஸ் வந்தது. கேட்டால் சிடியை இலவசமாகத் தபாலில் அனுப்பினார்கள். 2011 வரை அந்தச் சேவை இருந்தது. கல்லூரிப் பிள்ளைகள் வாங்கி வைத்தார்கள், பலருக்கு அது அலமாரியை விட்டு இறங்கவே இல்லை. மறுபடியும் அதே கதைதான்.

கேரளாவைப் பாருங்கள். அங்கே அரசுப் பள்ளிகளில் ஐடி பாடமும் செய்முறைத் தேர்வும் பல வருடங்களாக லினக்ஸில்தான் நடக்கின்றன. முதலில் ஆசிரியர்களுக்கு ஆசிரியர்களே பயிற்சி கொடுத்தார்கள், பிறகுதான் வகுப்பறைக்குப் போனது. இன்று கேரள அரசின் கைட் என்ற அமைப்பு பள்ளிகளுக்கென்றே உபுண்டுவை மாற்றியமைத்துக் கொடுக்கிறது. நம் மாநிலத்திலும் 2000களின் பின்பாதியில் தமிழக அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக சி. உமாசங்கர் இருந்தபோது அலுவலகத்தையே சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டினார். ஆகாத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது.

நம் பாடநூலும் தடையாக இல்லை. பதினோராம் வகுப்புக் கணினி அறிவியலில் விண்டோஸோடு உபுண்டுவும் பாடமாக இருக்கிறது. கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் ஓப்பன் ஆஃபீஸ் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் நிரல்மொழி. இவற்றில் விண்டோஸ்தான் வேண்டும் என்று சொல்ல எதுவும் இல்லை. பைத்தான் உபுண்டுவில் முன்பே போட்டுத்தான் வருகிறது, சி++ கம்பைலர் ஒரே கட்டளையில் ஏறும். ஆனால் என் கடைக்கு வருகிற பிள்ளைகள் பலர் உபுண்டு பாடத்தைப் படத்தைப் பார்த்து மனப்பாடம் செய்தவர்கள். ஐகான்கள் வரிசையாக இருக்கும் லாஞ்சர் பட்டை இடது பக்கம் இருக்கும் என்று எழுதி மார்க் வாங்கிவிட்டார்கள், லாஞ்சரைப் பார்த்ததில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், இதை நீங்களே என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள்.

உங்கள் ஆட்சேபணைகள் எனக்குத் தெரியும். பழைய வினாத்தாள் எல்லாம் வானவில், பாமினி ஃபான்ட்டில் இருக்கிறதே என்பீர்கள். அந்த ஃபான்ட் ஃபைல்களை உங்கள் ஹோம் ஃபோல்டரில் ஃபான்ட்ஸ் என்று, பெயருக்கு முன் ஒரு புள்ளி வைத்து, ஒரு ஃபோல்டர் உருவாக்கிப் போட்டுவிட்டால் லிப்ரே ஆஃபீஸில் எழுத்துகள் அப்படியே தெரியும். பக்க அமைப்பு கொஞ்சம் நகரும், அதை மறைக்க மாட்டேன். மாணவர், பள்ளி விவரங்களைப் பதியும் எமிஸ் வேலை பிரவுசரில்தானே, அது பயர்பாக்ஸிலும் குரோமிலும் ஓடும். பிரிண்டர்தான் உண்மையான தலைவலி. பல கம்பெனிகளின் லேசர் பிரிண்டர்கள் செருகியதும் வேலை செய்கின்றன. ஆனால் நம் ஊர் அலுவலகங்களில் எங்கு பார்த்தாலும் உட்கார்ந்திருக்குமே அந்தக் குட்டி வெள்ளைப் பிரிண்டர், பெயர் வேண்டாம், அதற்கு லினக்ஸில் டிரைவர் ஏற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கணக்கு எழுதும் டேலி வேண்டுமென்றாலும் விண்டோஸ்தான். ஆகவே அலுவலக அறைக் கம்ப்யூட்டரைத் தொடாதீர்கள். லேபை மட்டும் மாற்றுங்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஏலப் பட்டியலில் சேர்க்கும் முன் மெஷின்களை ஒருமுறை ஆன் செய்து பாருங்கள். பட்டியலில் ஏறிவிட்டதென்றால் கல்வி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு நிறுத்தி வையுங்கள், சொத்துப் பதிவேட்டில் இருக்கும் பொருள் என்பதால் வாய்ப்பேச்சு போதாது. 4 ஜிபி ராம் இருந்தால் லினக்ஸ் மிண்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு தாராளமாக ஓடும். முதலில் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள், டிஸ்கில் எதுவும் மாறாது. ஹார்டு டிஸ்க் போன மெஷினுக்கு ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டால் புது மெஷின் போல எழுந்துவிடும். அதற்குப் பெற்றோர் ஆசிரியர் கழகத்திடம் கேட்கலாம்.

பிறகு ஒரு சனிக்கிழமை மதியம். பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியும் செட்டிக்கரையில் இருக்கும் தருமபுரி அரசு பொறியியல் கல்லூரியும் நமக்குப் பக்கம். அங்கிருந்து மாணவர்களைக் கூப்பிடுங்கள், வருவார்கள். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த வேண்டாம். அவர்களே பார்ட்டிஷன் பிரிக்கட்டும், அவர்களே பாஸ்வேர்டு மறந்து முழிக்கட்டும். வீட்டில் அக்கா, அண்ணனுடைய பழைய இலவச லேப்டாப் கிடந்தால் அதையும் கொண்டுவரச் சொல்லுங்கள். சார்ஜர் இல்லாமல்தான் கொண்டுவருவார்கள், அதனால் நான் நாலைந்து சார்ஜர் எடுத்துவருகிறேன்.

பென்டிரைவ்கள், ஸ்க்ரூ டிரைவர், நீட்டு ஒயர் எல்லாம் என் பொறுப்பு. கூலி வேண்டாம். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் எந்தச் சனிக்கிழமை தோது என்று அடுத்த முறை டோனருக்கு வரும்போது சொல்லுங்கள். லேப் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் அன்றே கேட்டு வைத்துவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
பாலக்கோடு பஜாரிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரன்