பக்கத்தில் உட்கார ஓர் ஆள்

அன்புள்ள நண்பா,

நலம்தானே? புது வேலையில் சர்வர், டேட்டாபேஸ், பார்கோடு பிரிண்டர் என்று எல்லாவற்றுக்கும் நீ ஒருவன்தான் என்று எழுதியிருந்தாயே, என் நிலைமையும் அதேதான். இந்தக் கடிதமும் அதைப் பற்றித்தான். நம் வட்டாரத்தில் நூலகங்களுக்காக நிரல் எழுதுகிறவர்களை ஒரு நாள் ஒரே அறையில் கூட்டிவிடலாம் என்று நானும் இன்னும் மூன்று பேரும் முடிவு செய்திருக்கிறோம். நடத்துகிறவர்களில் ஒருவனாக நீயும் இருக்க வேண்டும்.

இந்த எண்ணம் எப்படி வந்தது தெரியுமா? போன மாதம் ஒரு பழைய நூற்பட்டியலை கோஹா என்ற நூலக மென்பொருளுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். ஆங்கிலத் தலைப்புகள் ஒழுங்காக ஏறின, தமிழ்த் தலைப்பு வந்த இடத்தில் எல்லாம் ஒரு பதிவின் வால் அடுத்த பதிவின் தலையில் ஒட்டிக்கொண்டது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் வேறொரு நூலகத்தில் இருக்கும் ஒருவரைக் கூப்பிட்டேன், பத்தே நிமிடத்தில் சொல்லிவிட்டார். நூற்பட்டியல் விவரங்களைக் கணினியில் வைக்கும் வடிவம்தானே மார்க், ஒரு மார்க் பதிவின் முதல் 5 இலக்கம் அந்தப் பதிவின் நீளம் அல்லவா, அதை பைட்டில் எண்ண வேண்டும். யாரோ எப்போதோ எழுதிய ஸ்கிரிப்ட் அதை எழுத்துக்குறிகளாக எண்ணியிருக்கிறது. 'தமிழ்' என்ற சொல்லையே எடுத்துக்கொள், கண்ணுக்கு மூன்று எழுத்து, யூனிகோடில் 5 குறி, அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 15 பைட். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் ஹென்ரியட் ஆவ்ரம் என்ற புரோகிராமர் 1960களில் காந்த நாடாவுக்காக வடிவமைத்த அமைப்பு அது, நீளம் தப்பினால் எல்லாமே தப்பும். நான் கூப்பிட்டவருக்கும் இதே தலைவலி முன்பு வந்திருக்கிறது, அதனால்தான் உடனே பிடிபட்டது. வெளியே உள்ள புரோகிராமர் நண்பர்களிடம் கேட்டிருந்தால் மார்க் என்றால் என்ன என்று விளக்கவே அரை நாள் போயிருக்கும்.

அதனால் கூட்டத்தை எப்படி நடத்துவது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. காலையில் ஆளுக்கு 5 நிமிடம் என்று குறும்பேச்சுகள் போதும், செய்து முடித்ததை மட்டுமல்ல, பாதியில் நிற்பதையும் சொல்லலாம். மதியம் முழுக்க மேஜைகள்தான். அவரவர் உடைந்த பதிவுகளையும் ஓடாத ஸ்கிரிப்டையும் மடிக்கணினியோடு கொண்டுவர வேண்டும், பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நீளமான உரைகளை வீட்டிலிருந்தே கேட்டுக்கொள்ளலாம், பக்கத்தில் உட்கார ஓர் ஆள்தான் நமக்குக் கிடைப்பதில்லை.

அப்புறம், நூற்பட்டியல் தயாரிக்கும் பட்டியலாளர்களையும் கூப்பிட வேண்டும். நம் குழுவில் ஒருவர் புரோகிராமர்கள் மட்டும் போதும் என்கிறார், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மார்க் பதிவில் தலைப்புக்கான 245ஆம் புலத்தில் தலைப்பின் கடைசியில் நிற்கும் சாய்கோடு எதற்கு என்று தெரியாமல் அதை நான் மொத்தமாக நீக்கப் போனபோது தடுத்தவர் ஒரு பட்டியலாளர்தான், அதற்கப்புறம் ஆசிரியர் விவரம் வருகிறது என்று அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

முப்பது நாற்பது பேர் வந்தால் போதும். 2003இல் ஒரு மின்னஞ்சல் குழுவாக ஆரம்பித்த கோட்4லிப் என்ற நூலகப் புரோகிராமர்கள் குழு தன் முதல் மாநாட்டை 2006இல்தான் அமெரிக்காவின் ஆரிகனில் நடத்தியது, நாமும் மெதுவாக வளரலாம். கோஹாவையே பாரேன். 1999இல் நியூசிலாந்தின் ஹோரோஃபெனுவா நூலகத்தில் இருந்த பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டைத் தாங்காது என்பதால் எழுதப்பட்டது, 2000 ஜனவரியில் ஓட ஆரம்பித்தது. தங்கள் நூலகத்துக்காகச் செய்ததை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். மாவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு. அந்த அன்பளிப்பில்தான் என் பிழைப்பு ஓடுகிறது, அதனால் அந்தப் பெயரை எழுதும்போதெல்லாம் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கும்.

இடம் ஒன்று பேசிவைத்திருக்கிறோம். போதுமான மின் இணைப்புகளும் நல்ல வைஃபையும் இருக்கின்றனவா என்று நேரில் போய்ப் பார்க்க வேண்டும், அது என் பொறுப்பு. பழைய தரவை மாற்றுவது பற்றிய மேஜையை நீ எடுத்துக்கொள்கிறாயா? முன்பு நாம் சேர்ந்து வேலை பார்த்தபோது நீ எழுதிய அந்தச் சரிபார்ப்பு ஸ்கிரிப்டை இன்னும் வைத்திருக்கிறேன், அதிலிருந்தே ஆரம்பிக்கலாம். உனக்கு எந்தச் சனிக்கிழமை தோதுப்படும் என்று எழுது, அதைப் பார்த்துத்தான் தேதி குறிக்கப்போகிறோம்.

அன்புடன்,
உன் நண்பன்