கொடைக்கானலில் உன்னைப் பார்த்துவிட்டு வந்து

பாம்பன்,
மே கடைசி வாரம்.

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தோம். வத்தலக்குண்டு வரைக்கும் அம்மாவுக்குத் தலைசுற்றல், மதுரையில் ரயில் ஏறியதும் தெளிந்துவிட்டாள். புதுப் பாலத்தில் வண்டி ஏறியபோது அண்ணன் பிள்ளைகள் ஜன்னலை விட்டு அசையவில்லை.

போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன் தாயி.

ஏரி, தூண்பாறை எதற்கும் கூட்டிப்போக முடியவில்லையே என்று வருத்தப்பட்டாய். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது; எனக்கு ஊரை விட்டு நகர அப்போதுதான் தோது. உனக்கோ அதுதான் சீசன். டோனட் கடையில் ஓரமாக உட்கார்ந்து நீ வேலை செய்வதைப் பார்த்தேனே, எனக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

அந்தக் குளிரில் ஈஸ்ட் மெதுவாகத்தான் வேலை செய்யும் என்றாய். தட்டை அடுப்புப் பக்கம் நகர்த்தி வைத்து, மாவை விரலால் லேசாக அமுக்கினாய். குழி சட்டென்று மேலே வந்ததும் "இன்னும் ஆகலைப்பா" என்று விட்டுவிட்டாய். வெளியே அவ்வளவு கூட்டம் நிற்கிறது, நீ அவசரப்படவில்லை. அப்புறம் அமுக்கியபோது குழி மெல்ல மெல்ல எழுந்தது; அதன்பிறகுதான் எண்ணெயில் விட்டாய். ஒவ்வொன்றும் பாதி முங்கி மிதந்தது. ஒரே தடவை திருப்பினாய். எடுத்தபோது இரண்டு பக்கமும் பொன்னிறம், இடுப்பைச் சுற்றி மட்டும் வெளுத்த கோடு, வள்ளத்தில் நீர்மட்டம் தெரிவதுபோல. மாவு சரியாகப் பொங்கியிருந்தால்தான் அந்தக் கோடு விழும் என்று நீ சொன்னதை இங்கே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பிள்ளைகுட்டியோடு வருகிறவர்களை நீ கவனித்த விதமும் மனசிலேயே நிற்கிறது. நடுவில் வெட்டி எடுத்த குட்டி உருண்டைகளைப் பொரித்து, வரிசையில் அழுகிற பிள்ளைகள் கையில் கொடுத்தாய். திண்டுக்கல் பக்கத்து அம்மா ஒருவர் முட்டை சேர்க்கிறீர்களா என்று கேட்டார். எல்லாவற்றிலும் உண்டு, ஒரு தட்டு மட்டும் முட்டை போடாதது, ஆனால் எண்ணெய் ஒன்றுதான் என்று உள்ளதைச் சொன்னாய். அவர் வாங்காமல் தேநீர் மட்டும் குடித்துவிட்டுப் போனார். போகும்போது உன் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனதை நீ கவனித்தாயோ என்னவோ, நான் பார்த்தேன். அந்த வியாபாரம் போனால் போகட்டும் தாயி. இப்படியே இரு.

அம்மா ஒரு கடையில் சாவகாசமாக உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்குச் சாப்பிட்டாள். மலையில் பருப்பு வேக நேரமாகிறது என்று உன் அறையில் அலுத்துக்கொண்டவள், இங்கே வந்து மைதா வாங்கி வைத்திருக்கிறாள். அளவு எழுதி அனுப்பு.

ஒன்றே ஒன்று. எண்ணெய்ச் சட்டி இருக்கும் இடத்தில் தரை ஈரமாக வழுக்குகிறது. ரப்பர் செருப்போடு அங்கே நிற்காதே, ஷூ வாங்கிக்கொள், பணம் அனுப்புகிறேன். முதலாளியிடம் சொல்லி அங்கே ஒரு சாக்காவது விரிக்கச் சொல். மணிக்கட்டில் இருந்த தீக்காயத்தை முழுக்கையை இழுத்து மறைத்தாய். அம்மா பார்த்துவிட்டாள், ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. மருந்து போடு.

படகுக்குப் பெயின்ட் அடித்தாகிவிட்டது, இன்ஜின் வேலை பாக்கி. கடலுக்குப் போக ஆரம்பித்தால் நினைத்த நேரத்துக்குப் பேச முடியாது. அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூப்பிடு, அண்ணனும் வீட்டில் இருப்பான்.

நெத்திலிக் கருவாடு பார்சலில் வருகிறது. கடைக்குக் கொண்டுபோய் வைக்காதே, வாடை மாவில் ஏறிவிடும். அறையிலேயே வை.

அன்புடன்,
அப்பா