தீனி கேட்கிற சரக்கு

கோயம்புத்தூர்,
9 நவம்பர் 2025, ஞாயிறு

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பே வந்துவிட்டது. பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு வேலை மும்முரம் என்று சொன்னால் நீ நம்பிவிடுவாய். ஆனால் காரணம் வேலை இல்லாததுதான். வேலை இல்லாத ஆளுக்கு எதற்குமே நேரம் கிடைக்காது. காலண்டர் அச்சடிக்கிற நீயும், சீசன் முடிந்த ஏதாவது ஒரு தை மாதத்தில் இதைப் பார்த்திருப்பாய்.

ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் மாதிரி ஆல்பம் போட்டும் ஆர்டர் சுரத்தில்லை, 500 அட்டை கேட்ட ஜவுளிக்கடைக்காரர் 200 போதும் என்கிறார் என்று எழுதியிருந்தாய். அதோடு விட்டாயா? "உனக்கென்னடா, பேப்பரா மையா, வெறும் பேரைத்தானே விக்கிற, உனக்கு ஏது மந்தம்" என்று ஒரு வரி. இதற்காகவே ஏழு பக்கம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

2012-ல் இந்தத் தொழிலில் இறங்கியபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். நல்ல பெயராகப் பார்த்து டொமைன், அதாவது வெப்சைட் விலாசப் பெயர், பதிந்து வைப்பது, யாராவது கம்பெனிக்காரர் தேடி வரும்வரை காத்திருப்பது. பைபாஸ் வரப்போகிற இடத்தில் இரண்டு சென்ட் வாங்கிப் போடுவது மாதிரி என்று உன்னிடம்கூடச் சொன்ன ஞாபகம். ஆனால் இரண்டு சென்ட் நிலம் சும்மா கிடந்தால் முள்தான் முளைக்கும், பணம் கேட்காது. பெயர் கேட்கும். ஒவ்வொரு பெயருக்கும் வருடா வருடம் ரெனியூவல் கட்ட வேண்டும். இது நிலமில்லை மாப்ள, மாடு. கறவை இருந்தாலும் வற்றினாலும் தீனி போட்டாக வேண்டும்.

அந்தத் தீனி விலையையும் கேள். ஒரு டாட் காம் பெயருக்கு, அந்தப் பெயர்ப் பதிவேட்டை நடத்துகிற அமெரிக்காவின் வெரிசைன் கம்பெனி வாங்குகிற மொத்த வியாபார விலை 2012-லிருந்து 2021 வரை 7.85 டாலரிலேயே நின்றது. பிறகு நான்கு வருடம் தொடர்ந்து ஏற்றினார்கள். 2024 செப்டம்பரிலிருந்து 10.26 டாலர். நான் தொடங்கியபோது டாலர் 53 ரூபாய் சுற்று, இன்று 88. பெருக்கிப் பார்: 416 ரூபாய் இருந்தது 900 ஆகிவிட்டது. அதற்கு மேல், நமக்குப் பெயரைப் பதிந்துகொடுக்கிற ரிஜிஸ்ட்ரார் கம்பெனியின் லாபம், 18 சதவீதம் ஜிஎஸ்டி. என்னிடம் போன மார்ச் வரை 640 பெயர் இருந்தது, டாட் காம் 400, மீதி டாட் இன். ஆறரை லட்சம் ரூபாய் தீனி. 2020-ல் ஊரடங்கு சமயம் பூட்டிக் கிடந்த கடைக்காரர்கள் எல்லாம் வெப்சைட் வேண்டும் என்று ஓடிவந்தார்கள், அந்த ஒரு வருடத்தில் 31 பெயர் விற்றேன். போன வருடம் ஒன்பது. இந்த வருடம் இன்றுவரை நான்கு.

ஏன் என்று கேட்டால் ஒரே காரணம் சொல்ல முடியவில்லை. ஜூலையில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி, அவர்கள் பிராண்டுக்குப் பொருத்தமான பெயர் என்னிடம் இருந்தது, 60,000 ரூபாய்க்குப் பேசி முடித்தாகிவிட்டது. ஆடி போகட்டும், ஆவணி பிறந்ததும் அட்வான்ஸ் தருகிறேன் என்றார். ஆவணி பிறந்து பத்து நாள் கழித்து, ஆகஸ்ட் 27, அமெரிக்கா நம் சரக்குக்கு வரியை 50 சதவீதமாக்கியது. நான் போன் செய்தபோது அவர் கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "தம்பி, தெச்ச துணி கட்டுக்கட்டா நிக்குதுங்க. பேர் எங்கயும் போயிராது, விடுங்க" என்றார். போகாதுதான். பிப்ரவரியில் அதற்கும் ரெனியூவல் வருகிறது என்று அவரிடம் எப்படிச் சொல்ல?

வரி இல்லாவிட்டால் மட்டும் விற்றிருக்குமா என்றால், அதுவும் சந்தேகம்தான். இன்றைக்குக் கடை திறக்கிற பையன் முதலில் இன்ஸ்டாகிராம் கணக்குத் திறக்கிறான், அப்புறம் வாட்ஸ்அப் பிசினஸ், கூகுள் மேப்பில் ஒரு புள்ளி. வெப் விலாசம் வாங்குவது கல்யாணம் முடிந்து வருகிற வரவேற்பு ஆல்பம் மாதிரி, வந்தால் வரட்டும். பீளமேட்டில் ஒரு பையனிடம் பெயர் காட்டினேன். அவன் தன் போனைத் திருப்பி எனக்குக் காட்டினான். சாட்ஜிபிடி அவனுக்கு 20 பெயர் கொடுத்திருந்தது, அதில் ஏழு காலியாகவே இருந்தது. இரண்டு என்னுடையதைவிட நன்றாகவும் இருந்தது. இதை நான் வேறு யாரிடமும் சொல்லவில்லை.

தேடிப்போய் விற்கும் வழியும் அடைந்துவிட்டது. முன்பெல்லாம் ஒரு கம்பெனியின் டொமைனை ஹூஇஸ் என்ற பொதுப் பதிவுத் தேடலில் தட்டினால் முதலாளி பெயர், போன் நம்பர், மெயில் எல்லாம் வந்து நிற்கும். 2018 மே மாதம் ஐரோப்பாவில் தனியுரிமைச் சட்டம் வந்ததும் உலகம் பூராவும் திரை போட்டுவிட்டார்கள். மெயில் அனுப்பலாம் என்றால், 2024 பிப்ரவரிக்குப் பிறகு ஜிமெயிலின் சல்லடை ரொம்பப் பொடியாகிவிட்டது. அறிமுகமில்லாத ஆள் "உங்களுக்கு ஒரு நல்ல பெயர் இருக்கிறது" என்று எழுதினால் நேரே ஸ்பேம். நியாயம்தானே, நானே அப்படி வருகிற மெயிலைத் திறப்பதில்லை.

சரி, என் கண்ணைத் திறந்த கதைக்கு வருகிறேன். தென்னை நார் ஏற்றுமதிக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு பெயர் ஆறு வருடமாக வைத்திருந்தேன். விலை 85,000 போட்டிருந்தேன். யாரும் கேட்கவில்லை. மார்ச்சில் வெறுத்துப்போய் ரெனியூவல் கட்டாமல் விட்டுவிட்டேன். ஜூலை கடைசியில் ஒரு போன். பொள்ளாச்சிப் பக்கம் மஞ்சி மில், அதாவது தென்னை நார் மில், வைத்திருப்பவர், நார்த்தூளை அழுத்திச் செய்கிற பித் பிளாக் ஏற்றுமதி செய்கிறார். பழைய மெயிலைத் தேடி எடுத்து என் நம்பரைப் பிடித்திருக்கிறார். "அந்தப் பேர் இன்னும் இருக்குங்களா?"

எனக்கு வயிறு கலங்கிவிட்டது. ஒரு பெயர் கெடு தாண்டினால் உடனே போகாது. ரிஜிஸ்ட்ரார் கொஞ்ச நாள் வைத்திருப்பார், அப்புறம் 30 நாள் மீட்புக் காலம், அதில் மீட்க அபராதம் எக்கச்சக்கம், அதற்கப்புறம் ஐந்து நாள் அழிப்பு வரிசை. அழிந்த அந்த நொடியிலேயே நல்ல பெயரைப் பிடிக்க இயந்திரங்கள் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். யார் கொண்டுபோனார்களோ என்று தேடினேன். யாரும் கொண்டுபோகவில்லை! காலியாகக் கிடந்தது. நான் 85,000 சொன்ன பொருள் ஒரு மாதத்துக்கு மேல் தெருவில் கிடந்திருக்கிறது, உலகத்தில் ஒருத்தர்கூடக் குனிந்து எடுக்கவில்லை.

போனை அப்படியே வைத்துவிட்டு நானே வழக்கமான பதிவுக் கட்டணத்தில் மறுபடி பதிந்து அவருக்கு விற்றிருக்கலாம். விரல் கீபோர்டு வரை போனது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த மனிதர் லைனில் காத்துக்கொண்டு "பரவாயில்லீங்க, மெதுவாப் பாருங்க" என்கிறார். சொல்லிவிட்டேன்: அண்ணா, அது காலியாக இருக்கிறது, நீங்களே பதிந்துகொள்ளலாம். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று போனிலேயே சொன்னேன். அடுத்த வாரம் ஒரு சாக்கு இளநீர் வந்தது. இரண்டு நாள் தெருவே குடித்தது.

அன்று ராத்திரி லிஸ்ட் முழுவதையும் பிரிண்ட் எடுத்தேன். சாப்பாட்டு மேசையில் வைத்து வீட்டுக்காரியைப் படிக்கச் சொன்னேன். ஒரு பெயரைப் படித்ததும், இதை வாங்கக்கூடிய நிஜமான மூன்று கம்பெனி பெயரை நான் மூச்சு விடுவதற்குள் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் பேனாவால் ஒரு அடி. முதல் பக்கத்தில் 40 பெயர், தேறியது ஒன்பது. "இத எதுக்குங்க வாங்கினீங்க?" என்று அவள் ஒவ்வொன்றுக்கும் கேட்கவில்லை, சிலதுக்கு மட்டும்தான் கேட்டாள், அது இன்னும் மோசம். பாதிக்கு மேல் நான் எனக்காக வாங்கியவை மாப்ள. சொல்ல அழகாக இருக்கிறது, ராத்திரி 11 மணிக்குக் காலியாக இருக்கிறது, கிளிக். பழைய பாட்டு கேசட் வாங்குகிற மாதிரி. எந்த வியாபாரிக்கும் அது வேண்டியிருக்கவில்லை.

640-ல் 228 மிச்சம். மற்றவற்றைக் கெடு வரவர விட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரே ஒரு இடத்தில் கணக்கை மீறினேன். டாட் இந்தியா என்று முழுக்கத் தமிழிலேயே எழுதுகிற விலாசம் இருக்கிறது அல்லவா, இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும்கூட அப்படி உண்டு. அதில் எட்டு பெயர் வைத்திருந்தேன். ஒரு மளிகைக்கடை அண்ணாச்சியிடம் ஆசையாகக் காட்டினேன், அவரும் பூரித்துப்போனார். பிறகு அவர் பையன் அதை வேறொரு இடத்தில் ஒட்டினான். தமிழ் எழுத்து எல்லாம் மறைந்து எக்ஸ் என், இரண்டு கோடு, அதற்குப் பின்னால் பூச்சி மருந்து பெயர் மாதிரி ஒரு நீள வால். இயந்திரம் உள்ளுக்குள் அப்படித்தான் எழுதிக்கொள்கிறது, அது தப்பில்லை, ஆனால் வெளியே தெரிந்தால் யார் வாங்குவார்? மூன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். விற்காது. தெரியும்.

மிச்சமிருப்பதற்கு விலையை எல்லாம் உடைத்துவிட்டேன். முன்பு "விலைக்குத் தொடர்பு கொள்ளவும்" என்று போடுவேன், பெரிய மனுஷத்தனம். இப்போது பெயரைத் திறந்தாலே 14,000, 18,000 என்று விலை தெரியும். மாதம் 1,500 தவணையும் உண்டு. முழுப்பணம் கட்டும்வரை பெயர் என் கணக்கில், பயன்பாடு அவர் கையில். செப்டம்பருக்குப் பிறகு விற்ற இரண்டும் தவணையில்தான் போயிருக்கிறது. இதைப் பெரிய வெற்றி என்று நினைத்துவிடாதே, அந்த இரண்டும் சேர்ந்து பழைய ஒரு விற்பனைக்கு ஆகாது.

மந்தம் வந்தால் கை கோணலாக நீளும் என்பார்கள். ஒரு புரோக்கர் வந்தார். பேப்பரில் புதுக் கம்பெனி விளம்பரம் வரும்போதே அதே பெயரில் பதிந்துவிடு, அவர்கள் வந்து காலில் விழுவார்கள் என்றார். காலில் விழமாட்டார்கள், வக்கீல் நோட்டீஸ் விடுவார்கள். டொமைன் பெயருக்கும் வியாபாரச் சின்னம் மாதிரியே பாதுகாப்பு உண்டு என்று 2004-லேயே சத்யம் இன்ஃபோவே வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லியாகிவிட்டது. பொதுச் சொல்லை விற்பது வேறு, அடுத்தவன் பெயரை அவனுக்கே விற்பது வேறு. டீ கொடுத்து அனுப்பிவைத்தேன்.

இப்போது சோறு போடுவது வேறொன்று. போன மாதம் ஒரு பம்ப் செட் பட்டறைக்காரர், 15 வருடத் தொழில், அழாத குறையாக வந்தார். வெப்சைட் நின்றுவிட்டது, மெயில் நின்றுவிட்டது. டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டால், முழிக்கிறார். வெப்சைட் செய்துகொடுத்த பையன் தன் பெயரில், தன் மெயிலில் பதிந்திருக்கிறான். அவன் இப்போது துபாயில். தேடிப்பிடித்து, பேசி, அனுமதிக் குறியீடு வாங்கி, பெயர் கைமாறாமல் இருக்கப் போட்டிருந்த பூட்டை எடுத்து, பட்டறைக்காரர் பெயருக்கு மாற்ற 19 நாள் ஆனது. இப்படி எத்தனை கம்பெனி இருக்கிறது தெரியுமா? கடை வாடகைப் பத்திரத்தை பீரோவில் பூட்டி வைத்திருப்பார்கள், பெயர் யார் கையில் என்று தெரியாது. ஒரு கம்பெனிக்கு வருடம் 3,000 வாங்கிக்கொண்டு கெடு தேதி, பதிவு மெயில், பூட்டு எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். 26 கம்பெனி சேர்ந்திருக்கிறது. அதாவது என் மாட்டுக்குத் தீனி போட முடியாமல் திணறியவன், இப்போது ஊரார் மாட்டுக்குத் தீனி நேரம் ஞாபகப்படுத்திக் கூலி வாங்குகிறேன்.

உன்னால் எனக்கு ஒரு உபகாரம் ஆக வேண்டும். நீ அனுப்பிய காலண்டர் அட்டைகளை அம்மா எறிய விடவில்லை, சாமி படம் என்று பரணில் இருக்கிறது. நேற்று இறக்கிப் பார்த்தேன். 2016 அட்டையில் கடைப் பெயருக்குக் கீழே மூன்று டபிள்யூ போட்டு வெப் விலாசம் ஒரு முழு வரி. 2019-ல் அது சின்ன எழுத்தாகி மூலைக்குப் போனது. 2023-ல் அந்த இடத்தில் ஒரு கியூஆர் கட்டம். உன் மேசையில் இந்த சீசனுக்கு எப்படியும் சில நூறு ப்ரூஃப் கடந்து போகும். எத்தனை பேர் வெப் விலாசம் போடச் சொல்கிறார்கள், எந்தத் தொழில்காரர்கள் என்று ஒரு பேப்பரில் கோடு போட்டு எண்ணி அனுப்பு. எனக்கு அதைவிட நல்ல கணக்கு வேறு யாரும் தர முடியாது. பதிலுக்கு, உன் அச்சகப் பெயர் யார் பெயரில் பதிந்திருக்கிறது என்று பார்த்தேன். பயப்படாதே, உன் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் கெடு ஜனவரி 11.

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து சொட்டு மருந்து நிறுத்திவிட்டார்களா? தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். பொங்கலுக்கு இங்கே வருவதாகச் சொல்லி மூன்று பொங்கல் ஆகிவிட்டது.

என் 100 அட்டைக்கு நீ அனுப்பிய ப்ரூஃப் பார்த்தேன். முருகன் நன்றாக வந்திருக்கிறார். என் வெப் விலாசத்தில்தான் ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கிறது. பழக்க தோஷம், அந்த எழுத்து விட்ட பெயர் காலியா என்று தேடிப் பார்த்தேன். காலிதான். வாங்கவில்லை. நீயே அந்த எழுத்தைச் சேர்த்துவிடு.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்